பெயில் கிடைச்சாச்சு, ஆள் எங்கே?

சினிமாவில் பார்த்திருப்பீங்க. ஹீரோவை போலீஸ் தூக்கிக்கிட்டுப் போய் லாக்கப்பில் போடும். அடுத்த சீன்லயே கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல் ஒருத்தர் ஸ்டேஷனுக்குள்ள நுழைஞ்சு ஒரு பேப்பரை நீட்டுவார். இன்ஸ்பெக்டர் மூஞ்சி தொங்கிப் போகும். ஹீரோ காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு வெளியே வருவார். மொத்தம் அரை நிமிஷம்.

அந்த சீனை முதல்ல எழுதின மகானுபாவர் யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போட்டுட்டு, "அந்தப் பேப்பர் எந்தக் கவுன்ட்டர்ல சார் கிடைக்கும்?"னு கேட்கணும்.

எங்க வீட்டு விஷயம்தான். அக்கா பையன். வாசல்ல பைக் நிறுத்தறதுல ஆரம்பிச்ச வாய்த்தகராறு கைகலப்புல போய் நின்னுச்சு. எதிராளிக்கு நெத்தியில தையல். இவன் கையில இருந்தது ஹெல்மெட். எஃப்.ஐ.ஆர்.ல அது ஆயுதம். இவன் உத்தமபுத்திரன்னு நான் வாதாட வரலை. அடிச்சிருந்தா தப்புதான், அதை விசாரிக்கத்தான் கேஸ் நடக்கப் போகுதே.

294(பி), 323, 324, 506(2). தமிழ்நாட்டுல தெருச்சண்டைன்னா இந்த நாலு பிரிவும் கைகோர்த்துக்கிட்டுத்தான் வரும்னு வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா சொன்னார். 2024 ஜூலை 1-ல இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா புதுச் சட்டம் வந்ததும் நம்பர்கள் மாறிப்போச்சு. நம்பர் மட்டும் மாறியிருந்தா பரவாயில்ல. பழைய 324-க்கு ஸ்டேஷன்லயே ஜாமீன் கொடுத்து அனுப்பலாம். அந்த இடத்துக்கு வந்த 118(1), ஜாமீன்ல விடமுடியாத பிரிவு. ரிமாண்ட், ஜெயில், பெயில் மனு, மாஜிஸ்திரேட் கோர்ட்டுல தள்ளுபடி, செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஓட்டம். இதெல்லாம் ஊர்ல நடக்கறதுதான், நானும் பெருசா புலம்பலை.

என் வயித்தெரிச்சல் பெயில் கிடைச்ச அப்புறம்தான் ஆரம்பிச்சது.

"பெயில் ஆயிடுச்சு"ன்னு வக்கீல் போன் பண்ணினார். அக்கா விளக்கேத்தினா. அத்தான் பையனோட சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். ராத்திரிக்கு அவனுக்கும் சேர்த்து உலை வெச்சாச்சு. அப்புறம்தான் ஆர்டர் காப்பி வாட்ஸ்ஆப்ல வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு சொந்தப் பிணை, அதே தொகைக்கு ரெண்டு நபர் ஜாமீன், அதுல ஒருத்தர் ரத்த சம்பந்தம், ரெண்டு பேரும் போட்டோ ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கணும், ஆதாரோ வங்கி பாஸ்புக்கோ காட்டணும், மறு உத்தரவு வரை பையன் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து.

அக்கா மூணு பத்தாயிரத்தைக் கூட்டிப் பார்த்துட்டு வளையலைக் கழற்ற ஆரம்பிச்சுட்டா.

அவளை மட்டும் என்ன சொல்ல? படிச்சவங்களே பாதிப் பேர் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கோர்ட்டுல யாரும் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். பிணைப் பத்திரம்ங்கிறது வெறும் வாக்குறுதி. "இவன் வாய்தாவுக்கு ஒழுங்கா வருவான், வரலைன்னா இந்தத் தொகைக்கு நாங்க பொறுப்பு"ன்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். பையன் தலைமறைவானாத்தான் ஜாமீன்தாருக்கு நோட்டீஸ் வரும், அந்தத் தொகையை வசூல் பண்ணுவாங்க. வசூல் ஆகலைன்னா ஆறு மாசம் வரைக்கும் சிவில் சிறையில வைக்கலாம்னும் சட்டத்துல இருக்கு. ஒழுங்கா வந்து போனான்னா கேஸ் முடியும்போது பத்திரமும் முடிஞ்சது. நடுவுல ஜாமீன்தாருக்குப் பிடிக்கலைன்னா மனு போட்டு விலகிக்கவும் வழி இருக்கு.

இதை சொந்தபந்தத்துக்கு விளக்கிப் பாருங்களேன். நான் விளக்கினேன். "வீட்டை அட்டாச் பண்ணிடுவாங்களாமே?"ன்னார் ஒருத்தர். "லோன் அப்ளை பண்ணியிருக்கேன் மாப்ளே, சிபில்ல ஏறிடுமா?"ன்னார் இன்னொருத்தர். "பொண்ணுக்கு வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம், கோர்ட்டு வாசல்ல யாராவது பார்த்தாங்கன்னா..."ன்னு இழுத்தாங்க ஒரு அத்தை. கல்யாணப் பத்திரிகையில தன் பேரைக் கீழே போட்டுட்டோம்னு வருஷக்கணக்கா முகம் கொடுக்காம இருந்த பெரியப்பா ஒருத்தர் இருக்கார். ஜாமீன் பத்திரத்துல அவர் பேரை முதல்லயே போடறோம்னு போன் பண்ணினோம். மாத்திரை போட்டுத் தூங்கறாராம். பகல் பதினோரு மணிக்கு!

சரி, ஊரைக் கேட்பானேன், தாய்மாமன் நான் இருக்கேனேன்னு நானே கிளம்பினேன். மொட்டை அடிக்க மடியில உட்கார வெச்சவனுக்கு ஒரு கையெழுத்துப் போட உரிமை இல்லையா? குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொந்த வீடா சார்?"

"வாடகைங்க."

"கவர்ன்மென்ட் ஸ்டாஃபா?"

"பிரைவேட் கம்பெனி."

"அப்ப வேற ஆளைப் பாருங்க சார். வீட்டு வரி ரசீது இல்லாம உள்ள நுழைய முடியாது."

மாசாமாசம் சம்பளத்துல வருமான வரி பிடிக்கிறாங்க. பான் இருக்கு, ஆதார் இருக்கு, பி.எஃப். இருக்கு. தினமும் ஏதோ ஒரு வங்கியில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, அஞ்சு லட்சம் லோன் வாங்கிக்கச் சொல்லி என்னைக் கெஞ்சுது. முன்பின் தெரியாத வங்கி என்னை நம்பி அஞ்சு லட்சம் நீட்டுது. இந்தக் கோர்ட்டுல பத்தாயிரத்துக்கு நான் நம்பிக்கையில்லாத ஆள். ஏன்னா, நான் குடியிருக்கற வீட்டுக்கு வரி கட்டறது ஹவுஸ் ஓனர்.

அப்ப ஹவுஸ் ஓனர் வந்து கையெழுத்துப் போடுவாரா? விஷயம் காதுல விழுந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லாம இருந்தாப் போதாதா.

அந்த வீட்டு வரி ரசீதைப் பத்திக் கொஞ்சம் பேசியே ஆகணும். நம்ம ஊர்ல எத்தனை வீட்டு வரி உயிரோட இருக்கறவங்க பேர்ல வருது? அத்தான் குடியிருக்கறது பூர்வீக வீடு. வரியும் தவறாம கட்டறார். ரசீது யார் பேர்ல? அவரோட தாத்தா பேர்ல. அவர் காலமாகி ஒரு தலைமுறை ஆச்சு, நகராட்சி கம்ப்யூட்டர்ல மட்டும் திடகாத்திரமா வரி கட்டிக்கிட்டு இருக்கார். பாகம் பிரிக்கலை, பெயர் மாத்தலை. புறம்போக்குல குடிசை போட்டு முப்பது வருஷமா இருக்கறவங்க, பட்டாவுக்கு மனு கொடுத்துட்டுக் காத்திருக்கறவங்க, ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கிற வடமாநிலப் பையன், கல்யாணமாகி வந்து எதுவுமே தன் பேர்ல இல்லாத பொண்டாட்டி... இவங்கள்ல யாரால ஜாமீன் போட முடியும்? பெத்த தாய்க்கு ரத்தம் இருக்கு, ரசீது இல்ல.

கடைசியில எங்க சித்தப்பா ஒத்துக்கிட்டார். மில்லுக்கு லீவு போட்டுட்டு மஞ்சப்பையில ரசீது, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டு வந்தார். ரெண்டாவது ஆள், அத்தான்கூட வேலை பார்க்கிறவர். சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. கேட்டதும் "எத்தனை மணிக்கு வரணும்?"னு மட்டும்தான் கேட்டார். அந்த மனுஷனை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

ஆனா பேப்பரைப் பார்த்த குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். ஆதார்ல சித்தப்பாவோட இனிஷியல் ஒண்ணு, ரசீதுல ரெண்டு. ரேஷன் கார்டுல இனிஷியலே இல்ல. மூணும் ஒரே ஆள்தான்னு சொல்ல நாலாவதா ஒரு அஃபிடவிட். அதுக்கு ஸ்டாம்ப், நோட்டரி, டைப்பிங், ஜெராக்ஸ். கோர்ட்டுக்கு எதிர்த்தாப்ல இருக்கற ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், கேட்காமலே "ரெண்டு செட்டா, மூணு செட்டா?"ன்னார்.

காலையில பத்து மணிக்கே ஜாமீன்தாரோட வந்துடணும்னு சொல்லியிருந்தாங்க. வந்தோம். மாஜிஸ்திரேட் லீவு. பக்கத்து ஊர் மாஜிஸ்திரேட்தான் இன்சார்ஜ், பெயில் சம்பந்தப்பட்டதை எல்லாம் அங்க கொண்டுபோங்கன்னாங்க. அங்க போனா, "உங்க மேட்டரா? அந்தக் கோர்ட்டு ஃபைல் இங்க வரலையே." மில்லுல இன்னொரு லீவு.

ஒருவழியா உள்ள கூப்பிட்டப்ப சாயங்காலம் ஆயிடுச்சு. காலையில இருந்து வேப்பமரத்தடியில நின்ன சித்தப்பா, செருப்பைக் கழற்றி வெச்சுட்டுக் கைகட்டி நின்னார். மாஜிஸ்திரேட் அம்மா நல்லபடியாத்தான் கேட்டாங்க.

"பையனை எத்தனை வருஷமாத் தெரியும்?"

"பொறந்ததுல இருந்தும்மா."

"என்ன கேஸ்னு தெரியுமா? அவன் வரலைன்னா நீங்கதான் பணம் கட்டணும், தெரியுமா?"

"தெரியும்மா."

"பையனோட அப்பா பேர் என்ன?"

சித்தப்பா முழிச்சார். அத்தானை அவர் ஜென்மத்துக்கும் 'பெரிய மாப்ள'ன்னுதான் கூப்பிட்டிருக்கார். வீட்டு மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடற வழக்கம் எங்க பக்கம் உண்டா? "பெரிய மாப்ளம்மா"ன்னார் பாவம். கோர்ட்டுல சிரிப்பு. மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு சந்தேகம் வந்துடுச்சு. வாடகைக்குப் பிடிச்சிட்டு வந்த ஜாமீன்தாரோ? அத்தான் பின்னாலயே நின்னுக்கிட்டு இருந்தார், நல்லவேளை. அவர் ஆதாரையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விட்டாங்க.

அவங்க சந்தேகத்துலயும் நியாயம் இருக்கு. வாடகை ஜாமீன்தார் நிஜமாவே உண்டு. எங்களையும் ஒருத்தர் டீக்கடையில ஓரங்கட்டினார். "ரெண்டு பேர் ரெடியா இருக்காங்க சார். ரசீது, ரேஷன் கார்டு எல்லாம் பக்கா. இன்னைக்கே முடிச்சிடலாம்." ரேட்டும் சொன்னார். போலி ரசீது, போலி சீல் வெச்சு ஜாமீன் போட்ட கும்பல் சிக்கியதுன்னு அப்பப்ப பேப்பர்ல படிக்கிறோமே, அதெல்லாம் இந்த டீக்கடையிலதான் ஆரம்பிக்குது. இதைத் தடுக்கத்தான், இதுக்கு முன்னாடி எத்தனை பேருக்கு ஜாமீன் போட்டிருக்கேன்னு ஜாமீன்தார் எழுதிக் கொடுக்கணும்னு சட்டத்துல தனிப் பிரிவே வெச்சாங்க. விளைவு? அந்த ஆளுங்க அந்தப் படிவத்தையும் பிசகில்லாம நிரப்பக் கத்துக்கிட்டாங்க. உண்மையான சித்தப்பாதான் திக்கித் திணறி நிக்கிறார்.

அமெரிக்காவுல ஜெயிலுக்கு எதிர்லயே இதுக்குக் கடை போட்டிருப்பாங்க, நியான் போர்டு எரியும். ஜாமீன் தொகையில வழக்கமா நூத்துக்குப் பத்து கொடுத்தா ஏஜென்ட் மீதிக்குப் பொறுப்பேத்துக்குவார், கொடுத்த பத்து திரும்பி வராது. உலகத்துல அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் விட்டா அந்த வியாபாரத்துக்கு அநேகமா எங்கயும் அனுமதி இல்ல. இல்லினாய் மாநிலம் பண ஜாமீனே வேண்டாம்னு 2023 செப்டம்பர்ல எடுத்துடுச்சு. நம்ம ஊர்ல காசு வாங்கிக்கிட்டு ஜாமீன் போடறது சட்டப்படி செல்லாத ஒப்பந்தம். செல்லாததுனால போர்டு இல்ல, டீக்கடை இருக்கு.

சரி, சட்டம் நிஜமா என்ன சொல்லுதுன்னு எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம், இன்னும்தான் எரிச்சல். ஜாமீன்தாரோட தகுதிக்கு அஃபிடவிட்டையே ஏத்துக்கலாம், தேவைப்பட்டா விசாரிக்கலாம்னுதான் இருக்கு. வீட்டு வரி ரசீதுன்னோ ரத்த சம்பந்தம்னோ அந்தப் பிரிவுல ஒரு வார்த்தை கிடையாது. ஜாமீன் தொகை அதிகமா இருக்கக் கூடாதுன்னு தனியா ஒரு பிரிவு. ஜாமீன்தார் கிடைக்காதவங்க பணமாவே டெபாசிட் கட்டிட்டுப் போக கோர்ட் அனுமதிக்கலாம்னு இன்னொரு பிரிவு, இப்போ புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 490. ஸ்டேஷன்லயே விடக்கூடிய கேஸ்னா, கைதாகி ஒரு வாரத்துல ஜாமீன் கொடுக்க முடியாதவரை ஏழைன்னே எடுத்துக்கிட்டு சொந்தப் பத்திரத்துல விடணும். எல்லாக் கதவும் இருக்கு. பூட்டுக்குச் சாவி மட்டும் வழக்கத்துக்கிட்ட இருக்கு.

இது இன்னைக்கு நேத்து நடக்கறதும் இல்ல. 1978-ல மத்தியப் பிரதேசத்துல மோத்தி ராம்னு ஒரு கொத்தனார். சுப்ரீம் கோர்ட்டே பெயில் கொடுத்துடுச்சு. கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டுது, கொத்தனார்கிட்ட, 1978-ல! அண்ணன் தம்பி ஒருத்தர் ஜாமீன் போட வந்தார். உன் சொத்து வேற மாவட்டத்துல இருக்கேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வழக்கு மறுபடி டெல்லி போனது. நீதிபதி கிருஷ்ணய்யர் விளாசித் தள்ளிட்டு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்துல விடச் சொன்னார். ஊர்விட்டு ஊர் போன தமிழனோ மலையாளியோ எங்கயோ ஒரு மூலையில கைதானா அங்க சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவான்னு அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கார். நாற்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, 2023 ஜனவரியில, உள்ளூர் ஜாமீன்தார்னு நிபந்தனை போட வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட் திரும்பவும் சொல்லுது. ஆர்டரை அன்னைக்கோ மறுநாளோ ஜெயிலுக்கு ஈமெயில்ல அனுப்பு, ஏழு நாள்ல ஆள் வெளியே வரலைன்னா ஜெயில் அதிகாரி சட்ட உதவி ஆணையத்துக்குச் சொல்லணும், ஒரு மாசம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியலைன்னா கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு பார்க்கலாம்னு வரிசையா எழுதி வெச்சிருக்காங்க. 2024 ஆகஸ்ட்ல இன்னொரு தீர்ப்பு. பதிமூணு கேஸ்லயும் பெயில் வாங்கின ஒருத்தர், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஜாமீன்தார் கிடைக்காம உள்ளேயே இருந்திருக்கார். அதே ஆட்களே எல்லாத்துக்கும் போதும்னு நீதிபதிகள் கவாய், கே.வி.விஸ்வநாதன் சொன்னாங்க. கேஸ்னு வந்துட்டா வெளியே சொல்ல முடியாது, கேட்கற வட்டமும் சுருங்கிடும்னு அதுல எழுதியிருக்காங்க. எங்க பெரியப்பாவைப் பார்த்துட்டுத்தான் எழுதினாங்களோ!

இத்தனையும் ஆகி, எங்க ரிலீஸ் ஆர்டர் டைப் ஆகி, கையெழுத்தாகி, சீல் விழுந்து, ஜெயில் வாசலுக்குப் போனப்ப லாக்கப் டைம் முடிஞ்சிடுச்சு. நாளைக்கு வாங்க. அக்கா அந்த கேட்டையே பார்த்துக்கிட்டு நின்னா. பையன் உள்ளே, ஆர்டர் என் கையில, நடுவுல ஒரு வார்டர்.

ஷாருக் கான் மகனுக்கே இதானே ஆச்சு? 2021 அக்டோபர் 28-ல பாம்பே ஹைகோர்ட் பெயில் கொடுத்தது. மறுநாள் ஒரு லட்சத்துக்கு ஜாமீன் போட்டவர் ஜூஹி சாவ்லா. ஆர்தர் ரோடு ஜெயில் வாசல்ல ஒரு பெயில் பெட்டி உண்டு. சாயங்காலம் அஞ்சரைக்குள்ள ஆர்டர் அந்தப் பெட்டிக்குள்ள விழலை, அன்னைக்கு ராத்திரியும் உள்ளேதான். 30-ந்தேதிதான் வெளியே வந்தார். சந்திரயான் விட்ட நாட்டுல ஒரு பேப்பர் பெட்டியில விழணும்! அதே வருஷம் ஜூலையில தலைமை நீதிபதி ரமணா, இந்தக் காலத்துலயும் ஆர்டர் வர புறாவுக்காக வானத்தையா பார்த்துக்கிட்டு இருக்கோம்னு நொந்துக்கிட்டார். சுப்ரீம் கோர்ட் ஆர்டருக்கு 2022-ல தனி ஆன்லைன் வசதியே வந்துடுச்சு. எங்க தாலுகா கோர்ட்டு புறா இன்னும் பஸ்ல போய்க்கிட்டு இருக்கு.

நாங்களாவது மறுநாள் கூட்டிட்டு வந்துட்டோம். வக்கீல் இருந்தார், சித்தப்பா இருந்தார், லீவு போட எனக்கு ஒரு வேலையாவது இருந்தது. 2022 கடைசிக் கணக்குப்படி நாட்டுல ஜெயில்ல இருந்தவங்க 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. குற்றம் நிரூபணம் ஆகாதவங்க. பெயில் ஆர்டர் கையில இருந்தும் ஜாமீன்தார் இல்லாம உட்கார்ந்திருக்கறவங்களும் இதுக்குள்ளதான் இருக்காங்க. ஏழைக் கைதிக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கறோம்னு 2023-ல மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்லது. பத்தாயிரத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கறதுக்குப் பதிலா அவன் சொந்தக் கையெழுத்தை நம்பிட்டா அரசாங்கத்துக்கு அந்தக் காசும் மிச்சமாச்சேன்னு யாருக்கும் தோணலையே!

பையன் இப்போ தினமும் 10.30-க்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடறான். அவன் வேலைக்குப் போக வேண்டிய நேரம் ஒன்பதரை. வேலை போயிடுச்சுன்னு நான் சொல்லியா தெரியணும்?

உங்க வீட்டுல யாருக்கும் இந்த நிலைமை வர வேண்டாம். வந்துட்டா, ரெண்டு நபர் ஜாமீனுக்கு ஆள் தேடி ஊரெல்லாம் அலையறதுக்கு முன்னாடி, நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லியோ பணமா கட்ட அனுமதி கேட்டோ ஒரு மனு போடச் சொல்லி வக்கீலை நச்சரிங்க. வக்கீலுக்கு வசதி இல்லைன்னா 15100-க்குப் போன் பண்ணுங்க, அது இலவச சட்ட உதவி எண். அப்படியே உங்க வீட்டு வரி ரசீதையும் எடுத்துப் பாருங்க. தாத்தா பேர்ல இருந்தா நாளைக்கே நகராட்சிக்குக் கிளம்புங்க. அங்கயும் லேசுல வேலை நடக்காது.